வண்டு சுமந்து வரும் வாடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யப்பானியப் பைன் காடுகள் பட்டுப்போவது பற்றி அண்மையில் நாளிதழ்களில் வந்த சிறு செய்தியைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். “வண்டுக் கடியால் மரங்கள் அழிகின்றன” என்ற ஒற்றை வரியுடன் அச்செய்தி முடிந்திருந்தமையால், வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தையே சுற்றி நிற்கின்றன. அவற்றுள் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகளின் குடும்பம் தென் யப்பானில் வசிக்கின்றது. அவர்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள குன்றில் நின்ற பைன் மரங்கள் ஆவணி, புரட்டாதி மாதங்களில் செங்கபில நிறமாகி, நின்ற நிலையிலேயே பட்டுப்போய்விட்டன. அயலவர் சிலர் வண்டு என்கிறார்கள். வேறு சிலர் கண்ணுக்குத் தெரியாத புழு என்கிறார்கள். எது உண்மை? (காரைநகர்)

பதில்: மரத்தைக் கொல்வது புழு, அந்தப் புழுவை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோவது வண்டு. எனவே அயலவர் இரு சாராரும் பாதி பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பதற்கு அறிவியலாளருக்கே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இந்த வாடல் யப்பானில் முதன்முதலில் அறியப்பட்டது 1905ஆம் ஆண்டளவில், துறைமுக நகரான நாகசாகியில். பட்ட மரத்தின் பட்டையை உரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே வண்டின் குடம்பிகளும் (முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பருவத்தவை) அவை குடைந்த பாதைகளுமே தென்பட்டன. ஆகவே மரத்தைக் கொன்றது வண்டுதான் என்று அவர்கள் முடிவுகட்டியதிற் பெரிய வியப்பில்லை. இடறல் என்னவென்றால், அந்த வண்டுகள் நல்ல வலுவுடன் நிற்கும் பைன் மரத்தில் முட்டையிட்டுப் பெருக இயலாதவை. அத்தகைய மரம் சுரக்கும் பிசின் முட்டையையும் குடம்பியையும் அழித்துவிடும். அப்படியானால் வண்டு வந்து முட்டையிடுவதற்கு முன்னரே மரத்தைப் பலவீனப்படுத்திய வேறொன்று இருந்திருக்க வேண்டும். அந்த வேறொன்றை யப்பானிய ஆய்வாளர்களான டொக்குசிகேயும் கியொஹாராவும் 1969இல் பட்ட மரங்களின் கட்டையில் கண்டார்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடைய, நூல் போன்ற வட்டப்புழுக்கள் அவை. அவற்றைப் பங்கசின் (பூஞ்சையின்) மீது வளர்த்து, நலமான பைன் மரங்களுக்குள் செலுத்திப் பார்த்தபோது அம்மரங்கள் வாடி மடிந்தன. அந்த முடிவு 1971இல் வெளியாயிற்று. பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கையில், இதே புழு 1934இலேயே ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநில மரக்கட்டைகளிலிருந்து விவரிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அதாவது புழுவின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன் இனங்கள் பெரும்பாலும் அதனோடு நெடுங்காலம் பழகியவை. அது உள்ளே இருந்தாலும் அவை எளிதிற் சாவதில்லை. யப்பானியச் செம்பைனுக்கும் கரும்பைனுக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

மரம் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மரத்தினுள் புகுந்த புழுக்கள் முதலில் பிசின் கால்வாய்களின் சுவர்க் கலங்களைத் தின்கின்றன. வேர் உறிஞ்சும் நீர் காழிலுள்ள (நீர் கடத்தும் கட்டைப் பகுதியிலுள்ள) குழற்போலிகள் என்னும் நுண்குழாய்கள் வழியே அறுபடாத நிரலாக மேலேறினால்தான் ஊசியிலைகள் உயிர்வாழும். சிதைந்த கலங்களிலிருந்து வெளிப்படும் பொருள்களாலும் மரத்தின் சொந்த எதிர்வினையாலும் அந்த நீர்நிரல்கள் அங்கங்கே அறுந்து, குழற்போலிகளில் காற்று நிறைகின்றது. கோடையில் ஆவியுயிர்ப்பு (இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுதல்) உச்சத்தில் இருக்கும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால், வேரருகே ஈரம் இருந்தாலும் உச்சியிலுள்ள இலைகளுக்கு நீர் போய்ச் சேராது. இதனாற்றான் ஆனி மாதத்தில் பச்சையாய் நின்ற மரம் புரட்டாதியில் செங்கபிலமாகின்றது. கோடைச் சராசரி வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ள குளிர் நாடுகளில், மரத்தில் புழு இருந்தாலும் வாடல் அவ்வளவாக வெளிப்படுவதில்லை.

வெளித்தோற்றத்தில் இலை நிறம் மாறுவதற்கு முன்னமே நோயை அறிய ஒரு வழி உண்டு. பட்டையில் காசு அளவில் ஒரு துளையிட்டு விட்டுவைத்தால், நலமான மரத்தில் அடுத்த நாளே துளை நிறையப் பிசின் திரண்டு நிற்கும். புழு புகுந்த மரத்தில் துளை வறண்டு கிடக்கும் அல்லது ஓரிரு மணிகள் மாத்திரம் கசிந்திருக்கும். இந்தச் சோதனையை யப்பானிய வனப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். உங்கள் மகள் விரும்பினால் அயலிலுள்ள வன அலுவலரிடம் இதைப்பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். அனுமதியின்றிப் பொது மரங்களில் துளையிட வேண்டாம்.

கேள்வி: காலோ இறகோ இல்லாத புழு வண்டின் உடலுக்குள் எப்படிப் போகின்றது, பின் எப்படி வெளியே வருகின்றது? அதைச் சுமக்கும் வண்டுக்கு நோய் வராதா? நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். (நல்லூர்)

பதில்: நல்ல கேள்வி, தங்கையே. இந்நோயின் மையமே இதுதான். சற்று விரிவாகப் பார்ப்போம்.

யப்பானிலும் சீனத்திலும் புழுவைச் சுமப்பது நீண்ட உணர்கொம்புகளையுடைய ஒரு வண்டு. ஆண் வண்டின் கொம்பு உடலின் இருமடங்குக்கும் கூடுதலாக நீண்டிருக்கும். நம் ஊரில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் தண்டைக் குடைந்து மரத்தூளை வெளியே தள்ளும் வண்டை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பைன் வண்டின் பெண் வாடிய மரத்தின் பட்டையைக் கடித்துப் பிளந்து அதற்குள் முட்டையிடுகின்றது. குடம்பி பட்டையின் உட்புறத்தைத் தின்று வளர்ந்தபின் கட்டைக்குள் இறங்கி, வளைந்த ஒரு பாதையைக் குடைந்து, அதன் முனையில் ஓர் அறையை அமைத்து மாரியைக் கழிக்கின்றது. வசந்தத்தில் அந்த அறைக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகின்றது.

இதே காலத்தில் அந்தக் கட்டை முழுவதும் வட்டப்புழுக்கள் பெருகிக் கிடக்கும். மரம் உயிரோடிருக்கையில் அதன் கலங்களைத் தின்ற புழு, மரம் செத்தபின் கட்டையை நீலங்கலந்த கருமையாக்கும் பங்கசுகளைத் தின்று வாழ்கின்றது. 25 பாகை வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு நான்கைந்து நாள் போதும். உணவு குறைந்து கட்டை உலரத் தொடங்கியதும், பயணத்துக்கென்றே அமைந்த ஒரு தனிவகை இளம்புழு தோன்றுகின்றது. உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்ட இவை வண்டின் அறையைத் தேடி வந்து, அதன் சுவரைச் சூழ்ந்து காத்திருக்கின்றன.

கூட்டுப்புழு நிறைவுடலியாக (முதிர்ந்த வண்டாக) மாறும் தறுவாயில் இந்த இளம்புழுக்கள் இன்னொரு தடவை தோலுரிக்கின்றன. இப்போது அவற்றுக்கு உணவைத் துளைத்து உறிஞ்சும் ஊசியே இல்லை. தடித்த தோல் மாத்திரம் உண்டு. அறைச் சுவரில் வளர்ந்திருக்கும் பங்கசினது வித்திப் பைகளின் நீண்ட கழுத்துகளில் அவை ஏறி, முனைகளில் கொத்தாகத் திரண்டு நிற்கும். புதிதாய் வெளிப்பட்ட வண்டு ஓடு இறுகும்வரை சில நாள் அறைக்குள்ளேயே கிடக்குமல்லவா? அதன் உடல் உரசும்போது புழுக்கள் தொற்றி, பக்கங்களிலுள்ள சுவாசத்துவாரங்கள் வழியே வாதனாளிகளுக்குள் (மூச்சுக் குழாய்களுக்குள்) நுழைந்து அடைந்துகொள்கின்றன. ஒரே வண்டுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட புழுக்கள் எண்ணப்பட்டதுண்டு. வழக்கமான சுமை சில ஆயிரங்கள். அவை வண்டின் இழையத்தைத் தின்பதில்லை. ஆகவே வண்டுக்கு நோயென்று சொல்ல ஒன்றுமில்லை; சுமை மிகக் கூடினால் மாத்திரம் ஆயுள் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள்.

வெளியே பறந்த வண்டு உடனே முட்டையிடுவதில்லை. அதன் முட்டைகள் முதிர இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கும். அந்த இடைவேளையில் அது நலமான பைன் மரங்களின் இளங்கிளைகளுக்குப் போய், ஓரிரு ஆண்டு வயதான தளிர்த்தண்டின் பட்டையைக் கொறித்துத் தின்கின்றது. விரலளவு தண்டில் வெண்மையான கட்டை தெரியும்படி உரிந்த சிறு தழும்புகளாக அது தெரியும். அவ்வேளையில் புழுக்கள் சுவாசத்துவாரங்கள் வழியே இறங்கி வந்து அத்தழும்பினூடே மரத்துள் புகுகின்றன. தழும்பு சிறியது, அதனால் மட்டும் மரம் சாகாது. புழு புகுந்து மரம் வாடத் தொடங்கியதும் அதிலிருந்து எதனோலும் தேர்ப்பீன்கள் என்னும் பிசின் மணப்பொருள்களும் வெளிவீச, அந்த மணத்தைத் தேடி முட்டை முதிர்ந்த வண்டுகள் வந்து சேர்கின்றன. எதிர்க்கப் பிசின் இல்லாத மரத்தில் அவை முட்டையிடுகின்றன. எஞ்சிய புழுக்களிற் சில அந்த முட்டைப் பிளவு வழியாகவும் கட்டைக்குள் போகின்றன. வண்டுக்குத் தொட்டிலாகும் மரத்தைப் புழு ஆயத்தம் செய்ய, புழுவுக்கு அடுத்த மரத்தை வண்டு காட்டுகின்றது. பரீட்சையில் இதை “ஒன்றிய வாழ்வு” என்று எழுதினாற் புள்ளி கிடைக்கலாம். ஆனால் இருவரின் நாட்காட்டியும் எவ்வளவு நுணுக்கமாகப் பொருந்தியிருக்கின்றது என்பதை விளங்கி எழுதினால் விடை இன்னும் சிறக்கும்.

கேள்வி: எங்கள் தக்காளி, கத்தரிச் செடிகளின் வேரில் முடிச்சு முடிச்சாக வருவதும் வட்டப்புழுவால் என்கிறார்கள். இதுவும் அதுதானா? (புன்னாலைக்கட்டுவன்)

பதில்: இல்லை. உங்களது வேர்முடிச்சுப் புழு. அது மண்ணில் வாழ்ந்து மண்ணாலும் நாற்றாலும் பரவுவது. பைன் புழு மண்ணில் வாழ்வதில்லை. வண்டோ மரக்கட்டையோ இல்லாமல் அது நகராது.

கேள்வி: காரணம் தெரிந்து ஐம்பது ஆண்டுகளாகியும் ஏன் கட்டுப்படுத்த முடியவில்லை? வண்டுக்கு மருந்தடித்தால் தீராதா? (சாவகச்சேரி)

பதில்: வண்டு தானாகப் பறப்பது பெரும்பாலும் சில நூறு மீற்றர், சில வேளை சில கிலோமீற்றர். ஆனால் புழு பசிபிக் சமுத்திரத்தையே கடந்திருக்கிறது. 1982இல் சீனத்தின் நான்ஜிங் நகரில் சன் யாட் சென் நினைவிடத்தைச் சூழ்ந்த மரங்களில் அது காணப்பட்டது; 1985இல் தாய்வானில்; 1988இல் தென்கொரியாவின் பூசானில்; 1999இல் போர்த்துக்கலில். இவற்றையெல்லாம் ஒரு வண்டின் சிறகு செய்திருக்க இயலாது. புழுவும் குடம்பியும் உள்ளே இருக்கும் பச்சை மரக்கட்டையும் அதனாற் செய்த பெட்டிகளும் கப்பலிலும் லொறியிலும் போய்ச் சேர்கின்றன. சேர்ந்த இடத்தில் உள்ளூர் நீள்கொம்பு வண்டுகள் அந்தப் புழுவை ஏற்றுக்கொள்கின்றன. போர்த்துக்கலில் இதைச் சுமப்பது ஐரோப்பாவுக்கே உரிய இன்னொரு வண்டு இனம். என் கருத்தில், இந்நோயை வண்டின் நோய் என்பதைவிட மர வியாபாரத்தின் நோய் என்பதே கூடுதலாகப் பொருந்தும்.

யப்பானின் கதை இதற்கு நல்ல சான்று. போர்க்காலத்திலும் அதன் பின்னும் பெருகிய அழிவு, பட்ட மரங்களை வெட்டிச் சுட்டெரித்தபின் 1950களில் தணிந்தது. அக்காலத்தில் கிராமத்தவர் பட்ட மரத்தை விறகுக்கென எடுத்துப்போவதும் வழக்கம். குடம்பி வண்டாகுமுன் அடுப்புக்குள் போய்விடும். பின்னர் சமையலறைகளில் எரிவாயு வந்தது, மலையில் விறகு பொறுக்குவார் இல்லை, பட்ட மரம் நின்ற இடத்திலேயே நின்றது. 1970களில் நோய் மீண்டும் தலையெடுத்து, 1979இல் மாத்திரம் சுமார் 24 இலட்சம் கனமீற்றர் மரம் அழிந்தது. 1977இல் தனிச் சட்டமே இயற்றி மருந்து தெளித்தார்கள். இன்று ஹொக்கைடோ நீங்கலாக நாடு முழுவதும் அது பரவியிருக்கிறது.

மருந்துக்கு வருவோம். வண்டு இளங்கிளையைக் கொறிக்கும் சில வாரங்களில் உச்சிக்கு மருந்து படவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அடிப்பது வீண். விமானத்திலிருந்து தெளித்தாற் பைன் வண்டோடு தேனீயும் மற்றப் பூச்சிகளும் சாகும். இதனாற் பல ஊர்களில் எதிர்ப்பெழுந்து தெளிப்புக் குறைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டென்றே நினைக்கிறேன். கோயில், பூங்கா மரங்களுக்கு அபமெக்டின் போன்ற புழுக்கொல்லி மருந்துகளைத் தண்டுக்குள் ஊசியால் ஏற்றுகிறார்கள். அது முற்காப்பு மாத்திரம். வாடத் தொடங்கிய மரத்தை மீட்காது. மரத்தைப் பெருமளவில் வெட்டி வெறுவெளி அமைப்பதும் எப்போதும் வெற்றி தரவில்லை: போர்த்துக்கல் 2007இல் 3 கிலோமீற்றர் அகலத்தில் பைன் அற்ற வளையமொன்றை வெட்டியது, அடுத்த ஆண்டே நோய் அதற்கு வெளியே, நாட்டின் நடுப்பகுதியிற் காணப்பட்டது. நம்பிக்கை தருவது இன்னொன்று: அழிந்த காடுகளில் தப்பி நின்ற மரங்களிலிருந்து விதையெடுத்து, அவற்றுக்குப் புழுவை ஏற்றிச் சோதித்து, தாங்குவனவற்றைப் பெருக்கும் முயற்சி. மெதுவான வேலை அது, மரம் வளரவேண்டுமே.

ஆக, இன்றும் பயன் தரும் வழி பழைய வழிதான். மாரியில் குடம்பி கட்டைக்குள் இருக்கும்போதே பட்ட மரத்தைக் கிளைகளோடு வெட்டி, எரிக்கவேண்டும், அல்லது சிறு சில்லுகளாக்கவேண்டும், அல்லது காற்றுப் புகாத விரிப்பால் மூடிப் புகையூட்டவேண்டும். வெட்டிய இடத்திலேயே விட்டால் வைகாசியில் எல்லாம் பறந்துவிடும்.

கேள்வி: கசூரினா கடற்கரைச் சவுக்கு மரங்களும் ஊசி போன்ற இலையுடையவை. அவற்றுக்கும், நம் பனை, தென்னைக்கும் இந்நோய் வருமா? (பருத்தித்துறை)

பதில்: சவுக்கு ஊசியிலை மரம் போலத் தோன்றினாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, அது பூக்குந் தாவரம். நாம் ஊசி என்று பார்ப்பவை மூட்டுமூட்டான பசுங்கிளைகள். பைன் புழு அதற்கு வராது. பனைக்கும் தென்னைக்கும் வராது. இலங்கையில் பைன் என்பது பெரும்பாலும் மலையகத்தில், ஹந்தானை போன்ற இடங்களில், 1970களின் பின்பகுதியிலிருந்து நடப்பட்ட கரிபியன் பைன்களே. பேராதனையிற் படித்தவர்களுக்கு அந்நிழல் நன்றாகத் தெரியும். அவற்றில் இந்த வாடல் இதுவரை பதிவாகவில்லை.

ஆனால் தென்னையின் பெயரை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. இதே புழுவின் நெருங்கிய உறவினம் ஒன்று, இலத்தீன் அமெரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் தென்னையைக் கொல்கின்றது. 1905ஆம் ஆண்டில் திரினிடாட் தீவில் விவரிக்கப்பட்ட செவ்வளைய நோய் அது. நோயுற்ற தென்னையைக் குறுக்கே வெட்டினால், தண்டின் விளிம்பிலிருந்து சில சதமமீற்றர் உள்ளே, செங்கல் நிறத்தில் ஒரு வளையம் முழுவட்டமாகத் தெரியும். கீழோலைகள் மஞ்சளித்து, பிஞ்சு உதிர்ந்து, பெரும்பாலும் சில மாதங்களில் மரம் முடிந்துவிடும். அதைச் சுமப்பதும் ஒரு வண்டுதான்: அந்நாடுகளின் கரிய கூன்வண்டு. நோயுற்ற தண்டில் வளர்ந்த குடம்பியினுள் புழு ஏறி, வண்டு முதிர்ந்தபின்னும் உடலுக்குள் தங்கி, அது இன்னொரு தென்னையில் முட்டையிடுகையில் இறங்கிவிடுகின்றது.

நம் தென்னையையும் பனையையும் குடையும் சிவப்புக் கூன்வண்டு அந்தக் கரிய வண்டின் இனத்தவரே. ஆகவே நம்மிடம் வண்டு உண்டு, தென்னை உண்டு, வெப்பமும் உண்டு. இல்லாதது புழு ஒன்றுதான். அந்த இல்லாமையை எல்லையிலேயே காப்பாற்றும் பொறுப்பு கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தடுப்புக்காப்புச் சேவைக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பயணப் பெட்டிக்குள் அலங்காரப் பனைக்கன்றோ தென்னங்கன்றோ வைத்துக்கொண்டு வருவது சிறு விடயமாகத் தோன்றும். அனுமதியும் பரிசோதனையுமின்றி அதைச் செய்யவேண்டாம் என்று பணிவாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். தோட்டத்தில் செய்யக்கூடியது, கூன்வண்டுக்கு இடங்கொடாதிருத்தல். மட்டை வெட்டும்போது தண்டில் காயம் படாமற் பார்ப்பதும், பட்ட காயத்துக்குத் தார் பூசுவதும், குடம்பி நிறைந்து சரிந்த தென்னையை வளவில் விடாமல் பிளந்து எரிப்பதும் நம் பெரியவர்கள் செய்துவந்தவையே. நோய் இல்லாவிட்டாலும் வண்டு மட்டுமே மரத்தைச் சாய்க்கும் என்பதால் இவை எப்படியும் தேவை.

கேள்வி: இறக்குமதிப் பொருள்களை அடுக்கி ஏற்றிவந்த மரத்தட்டுகளை (பலட்) வாங்கி மேசையும் அலுமாரியும் செய்கிறோம். பெரும்பாலும் பைன் பலகை. சிலவற்றில் துளைகளும் மாவும் காணப்படுகின்றன. பயப்படவேண்டுமா? (திருநெல்வேலி)

பதில்: தட்டின் பக்கவாட்டில் சுட்ட முத்திரையொன்று இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமைக் கதிரின் படம், நாட்டின் குறியெழுத்து, அதன் பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், பலகையின் உள்மையம்வரை 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பது பொருள். பைன் புழுவும் அதைச் சுமக்கும் குடம்பியும் அவ்வெப்பத்தில் உயிர் தப்பா. 2002இல் இந்த அனைத்துலக விதி ஏற்கப்பட்டதற்கு இப்புழு பற்றிய அச்சமும் ஒரு காரணம். முத்திரையில் எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட்டுப் புகையூட்டியது. வீட்டுப் பாவனைக்கு, குறிப்பாக உணவு வைக்கும் தட்டுகளுக்கு, அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். முத்திரையே இல்லாத, பட்டை ஒட்டிய பச்சைப் பலகையை வாங்காதீர்கள்.

நீங்கள் காணும் துளைகள் குண்டூசித் தலையளவில் இருந்து மெல்லிய மா கொட்டினால் அது உலர்ந்த மரத்தை உளுக்கச் செய்யும் சிறு வண்டு. அது இங்கேயே உள்ளது. உங்கள் மற்றத் தளபாடங்களுக்குத்தான் அதனால் ஆபத்து. பைன் நீள்கொம்பு வண்டு வெளியேறிய துளை வட்டமாக, பென்சில் நுழையுமளவு பெரிதாக இருக்கும். அப்படியொன்று தென்பட்டாலும், நன்கு உலர்ந்து இழைத்த பலகையில் வட்டப்புழு நிலைத்திராது. துளைக்குள் வண்டோ உயிருள்ள குடம்பியோ அகப்பட்டால் மாத்திரம் அதை ஒரு போத்தலில் அடைத்து, பலகைத் துண்டோடு, அருகிலுள்ள விவசாயத் திணைக்கள அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.